பஸ் வருதா பாரு

"மது, பஸ் வருதான்னு எட்டிப் பாரு!"

மதுஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் இது நாலாவது தடவை.

மண் சரிந்து ரோடு அடைபட்டு நாலு நாளாகிறது. பஸ் என்ன, ஒரு த்ரீவீல்கூட மடுல்சீமைப் பக்கம் ஏறவில்லை. அதைத் தோட்டத்து வீட்டு வரிசைகளுக்கெல்லாம் லயம் லயமாகப் போய்ச் சொன்னதே அவள் அப்பா நல்லையாதான். அந்த மனுஷனே இப்படிக் கேட்டால்?

ரோடு இல்லாததால்தான் அவளும் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்புக்குள் சைக்கிள் மிதிக்கிறாள். பின்சக்கரத்தை இரும்பு ஸ்டாண்டில் மாட்டி, நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக மிதி. பத்து நாளில் பதுளையில் மாகாணத் தெரிவுப் போட்டி. இதை விட்டால் அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும்.

"ரோடு அடைச்சிருக்குன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

"பாத்தா கொறைஞ்சா போயிருவ? பாரு புள்ள!"

உட்கார்ந்தபடி பார்த்தால் அரைச்சுவர் மறைக்கும். மிதிப்பதை நிறுத்தாமலே எழும்பி நின்று பார்த்தாள். ரோட்டில் ஒரு மாடு நின்றது.

"ஒண்ணும் வரல."

"அந்த வளைவு வரைக்கும் நல்லா பாரு."

பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். சுரீர் என்றது. சீட் அழுத்தி அழுத்தி அந்த இடம் புண்ணாகிக் கிடந்தது. தலையணையைக் கட்டிப் பார்த்தாள், இன்னும் மோசமாகிவிட்டது. சோற்றைக்கூட முந்தாநாள் நின்றுகொண்டுதான் தின்றாள். யாரிடம் சொல்வது? அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள். சொன்னால் பதறிப்போய், சைக்கிளே வேண்டாம் என்பாள்.

பத்து நிமிஷம்தான் போயிருக்கும்.

"மது, பஸ் வருதா பாரு!"

"ஐயோ, என்னாங்கப்பா ஒங்களுக்கு? பைத்தியமா புடிச்சிருக்கு?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லையா கோபப்படவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி சரி, பாரு" என்றார்.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பக்கத்து லயத்து ஜொனி மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கேட்டதையே கேட்டு, கடைசியில் சொந்த வீட்டையே மறந்துபோனார். நேற்றும் அப்பா காலையில் போனவர், முழங்கால் வரை சேற்றோடு சாயங்காலம்தான் வந்தார். கேட்டால் "சும்மா நடந்தேன்" என்கிறார். சும்மா நடக்கிற நடையா அது? வழி தெரியாமல் அலைந்தாரோ?

அவர் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, பதுளையிலுள்ள கோச் ரிஸ்கா மிஸ்ஸுக்குப் போன் போட்டாள்.

"மிஸ், நான் போட்டிக்கு வரல."

"என்ன பிள்ள சொல்ற?"

"அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு மிஸ். வராத பஸ்ஸ பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பாக்கச் சொல்றாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். என்னைய விட்டா அவருக்கு யாரு இருக்கா?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பாக்கச் சொன்னா நீ என்ன செய்வ?"

"எழும்பி நின்னு பாப்பேன்."

"அதுக்குத்தான் பிள்ள! நேத்து ஒங்கப்பா மண்சரிவத் தாண்டி நடந்து, கீழ பஸ் புடிச்சு என்கிட்ட வந்தாரு. மக ஒக்காரவே முடியாம நிக்கிறான்னு சொன்னாரு. ஸ்டாண்டுல மாட்டின சைக்கிள் அசையாதே, ஒரே எடத்துலதான் அழுத்தும், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எழும்பி நின்னு மிதிக்கணும்னு சொல்லி அனுப்பினேன்."

"அத எங்கிட்ட நேரா சொல்லலாமே மிஸ்?"

"நானே போன்ல சொல்றேன்னுகூடச் சொன்னேன். ஒனக்குத் தெரியவே கூடாதுன்னுட்டாரு. நீ போட்டியவே விடுறேன்னு சொன்னப்புறம் நான் எப்பிடி வாய மூடிட்டு இருக்க? 'வேணாம் மிஸ், அப்பனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா வயசுப் புள்ள கூசிப்போயிரும். அதுக்கு என்னையப் பைத்தியக்காரன்னு நெனச்சாலும் பரவால்ல'ன்னாரு."