ஏழாம் நம்பர்

சூசை இறந்த பிறகு அவனுடைய ஏழாம் எண் சட்டையைத் துறைமுகக் கால்பந்து அணி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லா அணிகளும் செய்கிற மரியாதைதான். இவர்கள் அவன் நிற்கும் இடத்தையும் யாருக்கும் கொடுக்கவில்லை. லீக் முழுக்கப் பத்துப் பேராகவே ஆடினார்கள். எதிரணிகள் முதலில் சிரித்தன. பிறகு அந்தக் காலி இடத்தைத் தடுக்கவும் ஓர் ஆளை நிறுத்தத் தொடங்கின. அதுவே வழக்கமாகிவிட்டது.

சீசனின் கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் லீக்கில் நீடிக்க முடியும். இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். சமநிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கேப்டன் ரெஜின் உதைத்த பந்து வலைக்குள் போனது. கோட்டோரத்தில் துணை நடுவர், கோல் செல்லாது என்று கொடியைத் தூக்கினார்.

"யாரு சார் ஆஃப்சைடு?" என்றான் ரெஜின்.

"உங்க ஏழாம் நம்பர். கோல்கீப்பர மறைச்சுக்கிட்டு நின்னாரு."

"ஆமா சார், எனக்குப் பந்தே தெரியல" என்றான் எதிரணி கோல்கீப்பர்.

நடுவர் ரெஜினைத் தனியே அழைத்தார். "அங்க யாரும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா. கோல் குடுத்துடறேன்."

"சொல்லித் தொலைடா" என்றான் பின்னாலிருந்து அணிக்காரன் ஒருவன்.

ரெஜின் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து வந்து கோல்கீப்பர் கையில் கொடுத்தான். பிறகு அந்த வெற்றுப் புல்தரையின் பக்கம் திரும்பினான்.

"எத்தன தடவடா சொல்றது, பாத்து நில்லுன்னு."