வெற்றுத் தாள்

வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த இன்ஸ்பெக்டர், கூண்டில் நின்று கொதித்தார்.

"'கைதியை அடிச்சுக் காலை உடைச்சது நான்தான்'னு எழுதியிருக்கு. கையெழுத்து உங்களுதுதானே?" என்றார் அரசு வக்கீல்.

"என்னுதுதான். மேலதிகாரி மிரட்டி வெத்துத் தாள்ல வாங்கினாரு. அப்புறம் இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டாரு. ஸ்டேஷன்ல இது தினம் நடக்கிற கூத்து!"

"தினமா?"

"இல்லைன்னு சொல்றவன் வாயைத் திறந்தாலே பொய்தான்!"

வக்கீல் பழைய கட்டு ஒன்றைப் பிரித்தார்.

"'ஸ்டேஷனில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கமே கிடையாது.' போன வருஷம் இதே கூண்டுல ஒருத்தர் சத்தியம் பண்ணிச் சொன்ன சாட்சி. அதை நம்பி ஒரு ஆளுக்கு ஏழு வருஷம் ஜெயில்."

"எந்த அயோக்கியன் சொன்னான்?"

வக்கீல் தாளை நீட்டினார்.

"இந்தக் கையெழுத்தும் உங்களுதுதானே?"