நாற்பத்தோராவது வித்தியாசம்

"சிடியைக் காப்பி எடுத்துத் தர்ற பேச்சே வேண்டாம் சார். கேட்டதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க, போதும்."

சொல்லிவிட்டு லேப்டாப்பை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள் அந்தப் பெண். உள்ளே இருந்தது ஒரு பழைய சிடி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் வந்த கார் பந்தய வீடியோ கேம் ஒன்றின் சோதனைப் பதிப்பு. கடைக்கு வருவதற்கு முன்பு, ஆபீசுக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்தது. பழைய சாமான் கடையில், உடைந்த ரேடியோவுக்கு அடியில் கிடைத்தது. வேறு பிரதி இருப்பதாகத் தெரியவில்லை.

சோதனைப் பதிப்புக்கும் கடைக்கு வந்ததற்கும் உள்ள வித்தியாசங்களைப் பட்டியல் போட்டு இணையத்தில் எழுதுவது அவள் பித்து. சிநேகிதிகள் அவளுக்கு வைத்த பெயரே 'வித்தியாசக்காரி'. எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த கேமை உருவாக்கியவர். இப்போது தலை முழுக்க நரை.

"யாருக்கும் காட்டமாட்டேம்மா. எனக்கே எனக்கு" என்றார்.

"போன வருஷம் ஒருத்தரும் இப்படித்தான் சொன்னார். நம்பிக் கொடுத்தேன். என் பட்டியல் வர்றதுக்குள்ள தன் பேர்ல வெளியிட்டுட்டார். நான் சூடு கண்ட பூனை சார்."

உள்ளேயிருந்து 'டிங் டிங்' என்று டம்ளரில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அவர் அடித்துப்பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதோ வந்துட்டேன்!"

அவர் டீயோடு திரும்பினார். பின்னால் வந்த அவர் மனைவி பிஸ்கட் தட்டை வைத்தார். கழுத்தில் மப்ளர். சளி போலிருக்கிறது. வித்தியாசக்காரி இரண்டு முறை "வணக்கம் ஆன்ட்டி" சொல்லியும் ஒரு தலையாட்டலோடு உள்ளே போய்விட்டார். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? புருஷனைக் கூப்பிடக்கூட டம்ளர் தட்டல். மனிதர் நன்றாகத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவள் பரிதாபப்பட்டாள்.

"முதல் நாப்பது வித்தியாசமும் சாதாரணம் சார். சிவப்புக் கார் ஊதாவாச்சு. பாலத்துக்கிட்ட இருந்த மரம் காணாமப்போச்சு. நாப்பத்தொண்ணாவதுதான் எனக்குப் புரியல. இதைக் கேளுங்க."

லேப்டாப்பை மேஜைமேல் வைத்து கேமை ஓட்டினாள். ஒரு பெண் குரல் வழி சொன்னது. "அடுத்தது இடது வளைவு. மெதுவா, மெதுவா... இவ்ளோ வேகமாப் போய் என்ன கிழிக்கப்போறீங்க?" கார் சுவரில் மோதியது. "அடடா! அடிபட்டுச்சா?"

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"கடைக்கு வந்ததுல ஒரு ஆம்பளைக் குரல் 'இடது! வலது!'னு பட்டாளத்துக்கு உத்தரவு போடுற மாதிரி கத்துது. அடிபட்டா ஏன்னு கேக்க நாதியில்ல. இந்தக் குரலுக்கு என்ன குறைச்சல்? யார் மாத்தினது?"

"நான்தான்."

"ஏன் சார்?"

"தொழில்முறையாப் பேசறவங்க கடைசியிலதான் வருவாங்க. அதுவரைக்கும் தெரிஞ்சவங்க யாரையாவது பேசவெச்சு ஒட்டிவெப்போம். நான் அவளைப் பேசவெச்சேன். இதுவே இருக்கட்டும்னு ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. இது பந்தயத்துக்கு ஏத்த குரலே இல்லன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். அவகிட்ட மூஞ்சிக்கு நேராவே சொன்னேன், பாவி."

"அசல் பதிவாவது இருக்கா?"

"கேம் கடைக்குப் போற அன்னிக்குத் தற்காலிகமா வெச்சதையெல்லாம் அழிச்சிடறது எங்க வழக்கம். நானே உட்கார்ந்து ஒண்ணு விடாம அழிச்சேன். அவ்ளோ சுத்தமான வேலைக்காரன்!" தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "அவ கோவிச்சுக்கக்கூட இல்லம்மா. 'என் குரல் எங்க ஓடிப்போகப்போகுது'ன்னு சிரிச்சா."

சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது.

வித்தியாசக்காரிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பழைய காதல்! அதுதான் அந்த அம்மாவின் முகத்தில் கடுகு வெடிக்கிறது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க இப்ப எங்க சார்?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். "அந்தக் குரல் இப்ப இல்லம்மா. கேம் வந்த மறுவருஷமே போயிடுச்சு. பதிவு பண்ணி வெச்சது வேற எங்கயும் கிடையாது. அப்பல்லாம் இப்ப மாதிரி பதிவு பண்ற செல்போனா இருந்துச்சு? ஒரே ஒரு காப்பி கொடு. உன் கால்ல வேணா விழறேன்."

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. மனைவி உள்ளே இருக்கும்போதே, இன்னொருத்தியின் குரலை வீட்டுக்குள் வைத்துக் கேட்க நினைக்கும் மனிதருக்கு என்ன சொல்வது? அந்தப் பாவத்தில் தனக்கு எதற்குப் பங்கு?

"மன்னிச்சுக்கங்க சார். முடியாது" என்று எழுந்து, லேப்டாப்பை மூடப்போனாள்.

டம்ளர் சத்தம். இந்த முறை நிற்காமல் அடித்தது. சமையலறை வாசலில் அந்த அம்மா கரண்டியும் டம்ளருமாக நின்றிருந்தார். போச்சு, இன்றைக்கு வீடு ரெண்டுபடப்போகிறது என்று வித்தியாசக்காரி ஒதுங்கி நின்றாள்.

அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. நேரே வந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, ஒரு பொத்தானை அழுத்தினார். கார் கிளம்பியது.

"அடுத்தது இடது வளைவு. மெதுவா, மெதுவா..."

அவர் மப்ளரை அவிழ்த்தார். தொண்டைக் குழியில், ஆபரேஷன் செய்த இடத்தில், ஒரு சின்னத் துளை. அவருடைய உதடுகள் அந்தக் குரலோடு ஒரு வார்த்தை பிசகாமல் அசைந்தன.

யாரும் திருப்பாத கார் சுவரில் போய் மோதியது. "அடடா! அடிபட்டுச்சா?" என்று லேப்டாப் கேட்டபோது, அதையே சத்தமில்லாமல் அவர் தன் கணவரைப் பார்த்துக் கேட்டார்.