இடிபட்ட மெஷின்

மெஷின் பெட்டி படிக்கட்டில் இடித்ததும் டெமோக்காரர் அதை இறக்கி வைத்து நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடி வரை தோளில் சுமந்து வந்தவர், கடைசி வளைவில் கைப்பிடிக் கம்பியில் 'டங்' என்று மோதிவிட்டார்.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மெஷினை ஓட்டிக் காட்டி விற்பது அவர் வேலை. அதனால் நர்சுகள் வைத்த பெயர் டெமோக்காரர். இந்த மெஷின், தோலை வெட்டாமலே உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று படம் பிடித்துக் காட்டும். போன இரண்டு இடங்களில் பாதியில் நின்று மானத்தை வாங்கியிருந்தது.

"இந்தத் தடவையும் மெஷின் திரும்பி வந்தா, நீ திரும்பி வராத" என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தோல் டாக்டரம்மா அதிகம் பேசாதவர். டெமோக்காரர் தன் முன்கையில் ஜெல் தடவி, மெஷினின் முனையை வைத்தார். திரையில் செல்கள் தேன்கூடு மாதிரி அடுக்காகத் தெரிந்தன.

"பாத்தீங்களா மேடம், கத்தி இல்ல, தையல் இல்ல. பேஷன்ட்டுக்கு எவ்வளவு நிம்மதி."

"நல்ல தோல யார் வேணா காட்டலாம். மச்சம் எதையாவது காட்டுங்க."

"நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு மேடம்." உற்சாகமாக பேண்ட்டைச் சுருட்டினார். கெண்டைக்காலில் மிளகு அளவுக்குக் கறுப்பாக இருந்தது. "என் பொண்ணு இத எறும்புன்னு நெனச்சு தட்டித் தட்டி விடுவா."

டாக்டரம்மா சிரித்தார். டெமோக்காரர் மச்சத்தில் முனையை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

திரையில் தேன்கூட்டைக் காணோம். யாரோ கலைத்துப் போட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று சிதறிக் கிடந்தன.

"ஒரு நிமிஷம் மேடம்." ஜெல்லை வழித்துப் புதிதாகத் தடவினார். முனையின் கண்ணாடியைத் துடைத்தார். மெஷினை அணைத்து மறுபடி போட்டார். அதே புள்ளிகள்.

"கொஞ்சம் தள்ளி வைங்க."

இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார். தேன்கூடு வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"இப்ப பழைய இடத்துலயே வைங்க."

வைத்தார். மறுபடியும் புள்ளிகள்.

டாக்டரம்மா பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் திரைமுன் குனிந்து தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்த டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரு கால் பேண்ட்டைச் சுருட்டியபடி, பரீட்சையில் பிட்டோடு மாட்டிக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார் டெமோக்காரர். சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, மேனேஜர்தான். அவர் அதை எடுக்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

இனி மறைத்துப் பயனில்லை என்று பட்டது. "உண்மையச் சொல்லிடறேன் மேடம். காலையில படியில இடிச்சிட்டேன். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கம்பெனிக்கு மட்டும் சொல்லிடாதீங்க. என் வேலையே போயிடும்."

டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்தினார். நாற்காலியை டெமோக்காரர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க கூட யாராவது வந்திருக்காங்களா?"

"நான் மட்டும்தான் மேடம். தூக்க ஆளெல்லாம் வேண்டாம், நானே இறக்கிடுவேன்." அவசர அவசரமாக ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

டாக்டரம்மா அந்த ஒயரை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, தம்பி."