ஒரு விரல் பருமன்

“மெல்ல, மாப்ளே. விரல் மாட்டிக்கப் போகுது” என்றார் மச்சான்.

எஞ்சினின் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் நல்ல கனம். சுவர் ஆணிக்கு நேர் கீழே யாரோ போட்டு வைத்திருந்த ஸ்டூலை அவன் காலால் ஒதுக்கிவிட்டு, ஜாக்கியை மெதுவாக ஏற்றினான். மச்சான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி துளைக்கு நேராக நகர்த்தி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினார்.

வண்டி பெட்டி பெட்டியாக வந்தது. வாங்குகிறவரே பூட்டிக்கொள்ள வேண்டிய ரகத்துக் கார். மச்சானிடம் லேத் இருந்தது, ஷெட் இருந்தது. அவனிடம் ஆசை இருந்தது. கல்யாணமான புதிதில் தொடங்கினார்கள். இப்போது விவாகரத்தே ஆகிவிட்டது, வண்டி ஆகவில்லை.

கோர்ட் புருஷனையும் பெண்டாட்டியையும்தான் பிரித்தது. மச்சான், மாப்பிள்ளை பற்றி நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இருவரும் பழையபடியே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பெரிய சண்டை என்றும் எதுவும் இல்லை. கேட்க வேண்டியதை ஒருவரையொருவர் கேட்காமல் விட்டு விட்டு, கடைசியில் வக்கீல் கேட்கும்படி ஆகிவிட்டது.

அவள் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஷெட்டுக்கு மேலே இருக்கும் அறை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை அவன் தலை தெரிந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

வண்டி ஓடுகிற வரைக்கும் அவன் வரலாம். ஓடிய அன்றே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அவள் போட்ட நிபந்தனை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டுக் கேட்டைத் திறக்க அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது. அதை நினைக்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டான்.

விளக்கு எரிந்தது, பிரேக் பிடித்தது, ஹாரன்கூட அடித்தது. வண்டி நகர மட்டும் இந்த ஒரு வேலை பாக்கி.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிற இழுவையையெல்லாம் அதற்கே வாரிக் கொடுத்துவிட்டு நிற்கும். இது மற்ற சக்கரத்தையும் கைவிடாது. ஆனால் வேறு வண்டிக்குச் செய்தது, பூட்டினால் கொஞ்சம் இடது பக்கமாகத்தான் உட்கார்ந்தது. அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் பழைய ஷாஃப்ட் இரண்டும் உதவாது. இடதுக்குக் குட்டையாக ஒன்றும் வலதுக்கு நீளமாக ஒன்றும் மச்சானே புதிதாகக் கடைந்து வைத்திருந்தார்.

இடது ஷாஃப்ட் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல் போய் உட்கார்ந்தது. அவன் அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். வலது பக்கம், ஷாஃப்ட் மாட்ட வேண்டிய வட்டத் தட்டும் அதே திசையில் சுற்றியது.

“பாத்தியா, கூடவே வருது” என்றார் மச்சான். அவர் குரலில் அவ்வளவாக சந்தோஷம் இல்லை.

வலது ஷாஃப்ட் எட்டவில்லை.

அதன் முனைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு விரல் பருமன் இடைவெளி.

“கணக்கு தப்பிடுச்சு, மாப்ளே. புதுசாதான் கடையணும். அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்.” மச்சான் திரும்பி நின்றுகொண்டு வெகுநேரம் கையைத் துடைத்தார்.

மச்சானுக்குக் கணக்குத் தப்பாது. முடியளவு பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைகிறவர். அவன் இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

அந்தப் பருமன் அவனுக்குத் தெரியும். வண்டியோடு வந்த அலுமினிய வளையம் ஒன்று, ஆறு துளை போட்டது, எதற்கும் ஆகாமல் இத்தனை காலம் அந்தச் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நடுவில் கொடுத்து முடுக்கினால் வேலை இப்போதே முடிந்துவிடும். வேண்டுமென்றே குட்டையாகக் கடைந்தாலும் நல்ல ஷாஃப்டைப் பாழாக்க மச்சானுக்கு மனசு வரவில்லை. பொய்யைக்கூட அளவெடுத்துத்தான் கடைந்திருக்கிறார்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

நிமிர்ந்து ஆணியைப் பார்த்தான். காலியாக இருந்தது.

மச்சானும் பார்த்தார். பார்த்துவிட்டு அவனுடைய தோள்பையைப் பார்த்தார். அவன் லேத்துக்குப் பக்கத்து மேசை இழுப்பறையைப் பார்த்தான். வாயைத் திறந்து கேட்டால் தேட வேண்டியிருக்கும். தேடினால் கிடைத்துவிடும்.

இருவரும் கேட்கவில்லை.

படியிலிருந்து அவள் குரல் வந்தது. “அண்ணா, இன்னிக்காவது வண்டி கெளம்புமா, கெளம்பாதா?”

“ஒரு ஷாஃப்ட் குட்டையாப் போச்சும்மா. அடுத்த வாரம்.”

“நல்லா வேலை பாக்கறீங்க, ரெண்டு பேரும்.”

செருப்புச் சத்தம் மாடியேறியது. கோபமாகத்தான் ஏறியது.

அவன் கருவிகளைத் துடைத்து எடுத்து வைத்தான். ஸ்டூலைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டான். அந்த ஆணி அவனுக்கும் எட்டும், மச்சானுக்கும் எட்டும். அங்கே ஸ்டூல் எதற்கு என்று அப்போதுதான் தோன்றியது.

வெளியே வந்து கேட்டைச் சாத்தும்போது நிமிர்ந்து பார்த்தான்.

மாடி ஜன்னல் கையகலம் திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வட்டமாக எதையோ செருகி வைத்திருந்தாள். வெயிலில் அதன் ஆறு துளைகளும் தெரிந்தன.