சொல்லாமல் போனவன்

மின்சாரத்தை மிச்சப்படுத்த, வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டே யூனிட் என்று மாநகராட்சி விதித்திருந்தது. பவளக்கொடியின் வீட்டில் கணவரின் மூச்சு மெஷின் மட்டுமே அதைவிட அதிகம் குடித்தது.

"ஃபேனு, லைட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டேன் தம்பி. இதை மட்டும் விட்டுருங்க."

"உங்க ஒரு வீட்டால தெருவுக்கே பசுமை விருது போச்சுக்கா," என்றபடி மீட்டர்காரன் தணிகைவேல் பிளக்கைப் பிடுங்கிச் சீல் வைத்தான். கட்டிலில் கிடந்தவர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

மாதாமாதம் இங்கே மோர் குடித்துவிட்டு, "போயிட்டு வரேன்க்கா" என்று கிளம்புகிறவன், இன்று செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் படியிறங்கினான். சாவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள்.

பவளக்கொடி வாசலுக்கு ஓடினாள்.

"வரேன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி! அவருக்கு இன்னும் மூச்சு இருக்கு!"