அத்தனை மரங்களும்

எழிலரசி விடுமுறைக்கு வந்தபோது அப்பா அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். மேசைமேல் அசல் பெட்டி பில்லோடு கிடந்தது. “மூணு நாள் மல்லுக்கட்டியும் இது திறக்கலம்மா. திருடனை விசாரிக்கிற மாதிரி கேள்வி கேக்குது. கடைசில மாடிவீட்டு டேவிட்தான் பூட்டை உடைச்ச காப்பி ஒண்ணு போட்டுக் கொடுத்தான். ஜம்முனு ஓடுது. எந்தப் படுபாவி அந்தப் பூட்டைச் செஞ்சானோ!”

செய்தவள் எழிலரசி. திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு; எட்டு மாத வேலை. அலுவலகத்தில் எழுந்து நின்று கைதட்டியிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து, திரையில் அசையும் காட்டின்மேல் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஏறின. “இரு, உன் பேரு!” அப்பா திரையை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெயர் மட்டும்தான் இருந்தது; என்ன வேலை என்று இல்லை. “இதுல நீ செஞ்சது எதும்மா?”

அந்தக் காட்டை வரைந்தது வேறு யாரோ. “மரங்கள்ப்பா” என்றாள்.

“அத்தனையுமா?”

அவள் தலையாட்டினாள். அப்பா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எதிரிகள் சுட்டுக்கொண்டே இருக்க, ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.